யோகம்மாவின் விரல்களுக்கு அகப்படாதது

உப்புவெளியிலிருந்து நிலாவெளி வரைக்குமான கடற்கரையில் முன்னூறு பெண்களின் உயிரைத் தன் மூன்று விரல்களால் பிடித்து வைத்திருப்பவள் சல்லிக் கிராமத்து யோகம்மா. இது யோகம்மாவே சொல்லிக்கொண்டு திரிந்த கணக்கு. முன்னூறு என்பது கொஞ்சம் கூடத்தான் என்று அவளே ஒத்துக்கொள்வாள். நெருக்கிக் கேட்டால் நூற்றுக்கு இறங்குவாள். இன்னும் நெருக்கினால், "சரி, முப்பத்தேழு பேர். அதிலை முப்பத்தாறு பேருக்கு ஒண்டுமில்லை. ஆனால் முன்னூறு எண்டால் கேக்க வடிவாய் இருக்கெல்லே" என்று சிரிப்பாள்.

சுனாமி கதையும் அப்படித்தான். அன்றைக்கு அவளுடைய அம்மிக்கல் மிதந்துபோய் இறக்கக்கண்டியில் கரையேறி, அங்கே ஒரு வீட்டில் மூன்று நாள் சம்பல் அரைத்த பிறகுதான் திரும்பி வந்ததாம். கேட்பவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அவளுடைய புருஷன் கோணாமலை சிரிக்கவும் மாட்டான், மறுக்கவும் மாட்டான். பைபர் போட்டில் விடியப்புறம் கடலுக்குப் போய், வெயில் ஏறக் கரைக்கு வருகிறவன். ஒரு நாளைக்குப் பத்துச் சொல்லுக்கு மேல் செலவழிக்காத மனிதன். வீட்டுக்கு வேண்டிய மிச்சச் சொல் முழுவதையும் யோகம்மா பார்த்துக்கொண்டாள். ஒரே மகள் லக்சாயினியை ஈச்சிலம்பற்றில் கட்டிக் கொடுத்த பிறகு வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான்.

அந்த முப்பத்தேழு கணக்கு வந்த விதம் இது. ஐந்து வருடங்களுக்கு முன்னர் அந்தப் பகுதிக்கு மருத்துவிச்சியாக வந்தவர் சனூஸா மிஸ், கிண்ணியாக்காரி. மார்பகப் புற்றுநோயைப் பற்றிச் சொல்ல ஒரு நாள் படம் ஒன்றைச் சுருட்டிக்கொண்டு மீன்வாடிக்கு வந்தார். வலையில் மீன் கழற்றிக்கொண்டிருந்த பெண்களுக்கு வெட்கம். மிஸ் படத்தை விரிக்க விரிக்க அவர்களுடைய தலை வலைக்குள் இன்னும் ஆழமாய்ப் போனது. யோகம்மாதான் கையைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள்.

"மிஸ், உந்தப் படத்தைச் சுருட்டுங்கோ. இதுகளுக்குப் படம் விளங்காது, வலை விளங்கும்."

வலை துப்புரவாக்கும் பெண்கள் கண்ணால் தேடுவதில்லை. நனைந்த வலையை மடியில் போட்டு விரல் நுனியால் வட்டமாய்த் தடவிக்கொண்டு போவார்கள். எங்கே முடிச்சு இறுகிக் கிடக்கிறது, எங்கே சிப்பித் துண்டு செருகியிருக்கிறது என்று விரல் சொல்லும். அதே தடவல்தான், அதே மூன்று விரல்தான், அதே வட்டந்தான் என்று யோகம்மா செய்து காட்டினாள். அன்றிலிருந்து மாதத்தின் முதற் சனிக்கிழமை, வேலை முடிந்த கையோடு, வாடிக்குப் பின்னால் உள்ள கிடுகு வேலி மறைப்புக்குள் அந்த முப்பத்தேழு பெண்களும் கூடுவார்கள். யோகம்மா நடுவில் நின்று வலை இழுக்கிற பாட்டுப் போல் சத்தம் கொடுப்பாள். அந்த நேரம் ஆண்கள் நாற்பது பாகத் தூரத்துக்குக் கிட்ட வரக்கூடாது. வந்தவனுக்கு அவள் ஏசிய ஏச்சைக் கேட்டு ஒருவன் கிழமைக் கணக்காய்க் கடலிலேயே தங்கிவிட்டான் என்பதும் அவள் சொன்னதுதான்.

இரண்டாவது வருடம் அந்தப் பெண்களில் ஒருத்தியான நிருஜாவின் விரலுக்கு மிளகளவில் ஒரு முடிச்சு அகப்பட்டது. பிள்ளை இரண்டும் சின்னது. அவள் பயந்து நடுங்கினாள். யோகம்மாவே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். நேரத்தோடு வெட்டி எடுத்தார்கள். நிருஜா பிழைத்தாள். அதன் பிறகு அந்தக் கரையில் யோகம்மாவின் சொல் சட்டம். சட்டமும் சுருக்கமானது: முடிச்சு இருந்தால் ஓடு. முடிச்சு இல்லாவிட்டால் பயமில்லை.

சனூஸா மிஸ் கொடுத்த துண்டுப் பிரசுரத்தில் இன்னும் சில வரிகள் இருந்தன. தோல் சிவத்தல், தடித்தல், முலைக்காம்பு உள்ளே போதல் என்று. யோகம்மா அதை வாசித்தாள். நீட்டிச் சொன்னால் இந்தப் பெண்டுகள் எல்லாவற்றையும் மறந்துபோகும் என்று சொல்லி, அந்த வரிகளை வெட்டி விட்டாள். எதையும் நீட்டிச் சொல்கிறவள், அதை மட்டும் குறுக்கினாள்.

போன வருடம் பங்குனியில் கடலில் சொறி என்கிற ஜெல்லிமீன் கூடிப்போயிற்று. இழுதாய், கண்ணாடி போல் மிதக்கும் அந்த மீன் வலையோடு ஒட்டிக்கொண்டு வரும். பட்ட இடம் எரியும், சிவக்கும். வலையை இடது தோளில் போட்டு நெஞ்சுக்குக் குறுக்காய் இழுத்து நடப்பது யோகம்மாவின் வழக்கம். ஒரு நாள் குளிக்கும்போது பார்த்தாள், இடது மார்பில் உள்ளங்கை அளவில் சிவப்பு. வாடியில் எல்லோருக்கும் அங்கங்கே சிவந்திருந்த காலம் அது. ஒருத்திக்கு முழங்கை, ஒருத்திக்குக் கழுத்து. யோகம்மாவுக்கு எங்கே பட்டது என்று தெரிந்ததும், நிருஜா கேலி செய்யாமல் விடவில்லை.

"யோகக்கா, சொறிக்கும் உங்களிலை ஒரு ஆசையாக்கும்."

"ஓமடி, வயசு போனாலும் மவுசு போகேல்லை" என்றாள் யோகம்மா. வாடி முழுக்கச் சிரிப்பு. வினாகிரி பூசச் சொன்னார்கள், பூசினாள்.

அடுத்த முதற் சனிக்கிழமை வேலிக்குப் பின்னால் மற்றவர்களோடு தானும் தடவிப் பார்த்தாள். மார்பு கொஞ்சம் தடித்திருந்தது, சூடாய் இருந்தது. வட்டமாய்த் தேடினாள். ஆழமாய்த் தேடினாள். கக்கத்துக்குள்ளும் தேடினாள். முடிச்சு இல்லை. நாற்பது வருடமாக வலையில் பொய் சொல்லாத விரல்கள். அவள் சட்டையைப் பூட்டிக்கொண்டாள்.

மற்றவர்களின் சிவப்பு மாறியது. அவளுடையது மாறவில்லை. பிள்ளைக்குப் பால் கொடுத்த காலம் போல ஒரு பக்கம் கனத்தது. சட்டை அந்தப் பக்கம் இறுகியது; தையலைப் பிரித்து விட்டாள். கதிரையில் இருந்து அவள் பிரிப்பதைக் கோணாமலை பார்த்தான்.

"என்னப்பா?"

"சொறி பட்டது இன்னும் வத்தேல்லை."

அவன் அன்றைய பத்துச் சொல்லில் ஒன்றைத்தான் செலவழித்தான். அதற்கு மேல் கேட்கவில்லை.

சித்திரையில் நகரத்துக்குப் போன இடத்தில் ஒரு டிஸ்பென்சரியில் காட்டினாள். சொறி பட்டது என்று அவளே முதலில் சொல்லிவிட்டாள். டொக்டர் பார்த்துவிட்டு, கிருமி பிடித்திருக்கலாம் என்று குளிசை எழுதினார். பத்து நாளில் முழுதாய் மாறாவிட்டால் கட்டாயம் திரும்பி வரவேண்டும், விட்டுவிடக்கூடாது என்று இரண்டு தரம் சொன்னார். குளிசை முடிந்தபோது சிவப்புக் கொஞ்சம் வெளிறியது மாதிரி இருந்தது. இருந்ததோ, இருக்கவேண்டும் என்று நினைத்தாளோ. அவள் திரும்பிப் போகவில்லை.

பிறகு வைகாசி. அம்மன் கோயில் பொங்கலுக்கு ஊர் கொள்ளாத சனம். நேர்த்திக்கடன் வைத்திருந்தாள், அது முடியட்டும் என்றாள். பிறகு ஆனி. நெத்தலி வாரிக் கொட்டுகிற காலம். காயப்போடுகிற வேலையில் நிமிர நேரமில்லை. இதற்குள் தோல் தோடம்பழத் தோல் போலச் சிறுசிறு குழியாய்த் தடித்துவிட்டது. முலைக்காம்பு உள்ளுக்குள் இழுபட்டுப் போனது. இடைக்கிடை ஊசி குத்துகிற மாதிரி நோ. அவள் சட்டைக்கு மேலே ஒரு துவாயைப் போட்டுக்கொண்டு வாடிக்குப் போனாள். ஒவ்வொரு முதற் சனிக்கிழமையும் தடவினாள். ஒவ்வொரு முறையும் விரல் அதையே சொன்னது. முடிச்சு இல்லை.

ஆடி மாதம் சனூஸா மிஸ் ஒரு பிள்ளைத்தாய்ச்சியைத் தேடி வாடிக்கு வந்தார். யோகம்மா வலை இழுக்கும்போது இடது கை தோளுக்கு மேலே போகவில்லை என்பதைக் கண்டுகொண்டார். வேலிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய்ச் சட்டையைத் திறக்கச் சொன்னார். பார்த்தார்.

"எத்தனை நாளா இப்பிடி?"

"அது கொஞ்ச நாளாய்... முடிச்சு ஒண்டும் இல்லை மிஸ். நான் மாசாமாசம் பாக்கிறனான்."

"வாங்க போவம்."

"முகம் கழுவிட்டு வாறன்."

"இப்பவே போவம் யோகக்கா" என்றார் மிஸ். அவளுடைய சட்டையை அவரே பூட்டிவிட்டார்.

பெரியாஸ்பத்திரியில் தோலில் சிறு துண்டு வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார்கள். ஸ்கான் எடுத்தார்கள். முடிவு வந்த நாளில் கோணாமலையும் பக்கத்தில் இருந்தான். டொக்டர் ஓர் இளம் பெண். அவசரப்படாமல் சொன்னார்.

"அம்மா, இதுக்கு அழற்சி மார்பகப் புற்றுநோய் எண்டு பெயர். மார்பகப் புற்றுநோய் வாற நூறு பேரிலை ரெண்டு மூண்டு பேருக்குத்தான் இது. ஆனால் மற்றதுகளை விட வேகம்."

"கட்டி இல்லையே டொக்டர்."

"எல்லாப் புற்றுநோயும் கட்டியாய் வராது அம்மா. இது தோலுக்குக் கீழ ஓடுற மெல்லிய நிணநீர்க் குழாயளை அடைச்சுக்கொண்டு பரப்பாய் வளருது. அதாலைதான் சிவப்பு, வீக்கம், சூடு. கிழமைக் கணக்கிலை கூடிக்கொண்டு போகும். விரலுக்கு ஒண்டும் அகப்படாது. சிலபேருக்கு எக்ஸ்ரே படத்திலை கூடத் தெரியாது."

யோகம்மா தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். முள் குத்தித் தழும்பேறிய மூன்று விரல்கள்.

"முதலே வந்திருந்தால்?"

டொக்டர் மேசையிலிருந்த கடதாசியைப் பார்த்தார். நோய் எலும்புக்கும் ஈரலுக்கும் போய்விட்டது என்று அதில் இருந்தது. முதலே வந்திருந்தால் வைத்தியம் செய்ய இன்னும் இடம் இருந்திருக்கும் என்று மெதுவாகச் சொன்னார். கோணாமலை எழும்பி வெளியே போய், மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

யோகம்மாவுக்கு அந்த இடத்தில் தன்னுடைய சாவு நினைவுக்கு வரவில்லை. அது பிறகு, வீட்டில், பாயில் கிடந்தபோது வந்தது. அந்தக் கதிரையில் இருந்தபோது வந்தது முப்பத்தேழு முகங்கள். முடிச்சு இல்லாவிட்டால் பயமில்லை என்று அவள் சொல்லிக் கொடுத்த முகங்கள்.

மட்டக்களப்புக்கு மருந்தேற்றப் போய் வந்தார்கள். மூதூர், வெருகல் என்று அந்த நீண்ட வழியில் பஸ் கொஞ்சம் குலுங்கினாலும் அவளுக்கு எலும்பு நொந்தது. கோணாமலை தன் தோளை முட்டுக் கொடுத்துக்கொண்டு வந்தான். மயிர் கொட்டியது. வார்ட்டில் கிடந்த மற்றப் பெண்களுக்கு அவள் அம்மிக்கல் கதையைச் சொன்னாள். அங்கே அம்மிக்கல் முல்லைத்தீவு வரைக்கும் போனது. மகள் ஈச்சிலம்பற்றிலிருந்து வந்து நின்று பார்த்தாள். கார்த்திகை மழையோடு, மருந்து கேட்கவில்லை என்று டொக்டர் சொன்னார். இனி நோவுக்குத்தான் மருந்து.

வாடிப் பெண்களுக்கு உண்மையைச் சொல்ல வேண்டும் என்பது அவளுக்கு ஒவ்வொரு நாளும் தெரியும். ஒவ்வொரு நாளும் அதைத் தள்ளி வைத்தாள். சாகிறதை விட அது கஷ்டமாய் இருந்தது. அந்தக் கரையில் அவளுக்கு இருந்த ஒரே சொத்து அந்தப் பெயர்தான். சனூஸா மிஸ்ஸை அழைத்து, நீங்கள் போய்ச் சொல்லுங்கோ என்று கேட்டும் பார்த்தாள்.

"நான் அஞ்சு வருஷமா சொல்லிட்டுத்தான் இருக்கன்" என்றார் மிஸ். "அவங்க நீங்க சொன்னதைத்தான் வெச்சிருக்காங்க."

மார்கழிக் கடைசியில் நிருஜா பார்க்க வந்தாள். யோகம்மாவைச் சந்தோசப்படுத்த நினைத்து, சனிக்கிழமைக் கூட்டத்தைத் தான் விடாமல் நடத்துவதாகச் சொன்னாள். இந்த மாதமும் ஒருவருக்கும் முடிச்சு இல்லையாம். வாடிக்கு வேலைக்கு வரும் வினோஜனின் பெண்சாதிக்கு, கைப்பிள்ளைக்காரி, ஒரு பக்கம் சிவந்து வீங்கிக் கிடந்ததாம். எல்லோரும் தடவிப் பார்த்தார்களாம்.

"முடிச்சில்லை அக்கா. நீங்கள் சொன்ன மாதிரி, பயமில்லை எண்டு வீட்டை அனுப்பிப்போட்டன்."

யோகம்மா எழும்பி உட்காரப் பார்த்தாள், ஏலவில்லை. கோணாமலையைக் கூப்பிட்டு சனூஸா மிஸ்ஸுக்கு உடனே போன் பண்ணச் சொன்னாள். வினோஜனின் பெண்சாதி அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போனாள். அவளுக்கு இருந்தது பால் கட்டிக் கிருமி பிடித்தது. குளிசையோடு ஒரு கிழமையில் முழுதாய் மாறிவிட்டது. ஆனால் அந்த ஒரு கிழமையும் யோகம்மா கண் மூடவில்லை. அது மாறிய செய்தி வந்த பிறகும், இந்தச் சனிக்கிழமை என்னை வாடிக்குக் கொண்டு போங்கோ என்று கோணாமலையிடம் சொன்னாள்.

தை மாதத்து முதற் சனிக்கிழமை. கோணாமலை அவளைத் தூக்கி ஓட்டோவில் இருத்தி, வாடிக்குக் கொண்டுவந்து, வேலிக்குப் பின்னால் கதிரையில் இருத்தினான். ஆண்கள் நிற்கக்கூடாத இடம். அவன் வெளியே போய், வேலிக்கு முதுகு காட்டிக்கொண்டு மணலில் குந்தினான். இந்த முறை நாற்பது பாகம் போகவில்லை. ஒருவரும் அவனைக் கலைக்கவும் இல்லை.

முப்பத்தேழு பேரில் முப்பத்தொரு பேர் வந்திருந்தார்கள். யோகம்மாவைப் பார்த்ததும் சிலர் அழத் தொடங்கினார்கள். தன் மொட்டைத் தலையைத் தடவி, இதிலை சொறி கூட ஒட்டாது பிள்ளையள் என்றாள். பழக்கத்தில் சிரித்தார்கள். சிரிப்பு அடங்க முதல் அவள் தொடங்கிவிட்டாள். முடிச்சு இல்லாவிட்டால் பயமில்லை என்று சொன்னது பிழை என்றாள். நான் சொல்லித் தந்த பிழை என்றாள்.

அவர்கள் நம்பவில்லை. சொறி பட்டு அது புற்றாய் மாறினதாம் என்றுதான் ஊருக்குள் கதை. ஒருத்தி அதையே சொன்னாள், யோகம்மாவின் மேல் பழி விழக்கூடாது என்ற அன்பில்.

"சொறியாலை வந்ததில்லை. சொறி எண்டு நினைச்சதாலை நான் கவனிக்காமல் விட்டது" என்றாள் யோகம்மா.

அவள் சட்டைப் பொத்தானைக் கழற்றப் பார்த்தாள். விரல்களுக்குப் பலமில்லை. நிருஜா முன்னால் வந்து குந்தி, ஒவ்வொன்றாய்க் கழற்றினாள். பிறகு நிருஜா முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் அங்கேயே இருந்தாள்.

"கிட்ட வந்து பாருங்கோ. வெக்கப்படாதையுங்கோ, நான் வெக்கப்படேல்லை. முதல் இப்பிடி இருக்கேல்லை. ஒரு பக்கம் சிவந்தது, நுளம்பு கடிச்ச மாதிரி. பேந்து சூடு. பேந்து கனம். தோல் தோடம்பழத் தோல் மாதிரி வந்துது, காம்பு உள்ளுக்குப் போச்சுது. தடவிப் பாத்தால் ஒண்டும் இராது. விரல் பொய் சொல்லும். கண்ணாலை பாருங்கோ. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கோ எண்டு கண்ணாடியிலை பாருங்கோ. குளிசை தந்து மாறாட்டில், திரும்பிப் போங்கோ. திரும்பவும் மாறாட்டில் திரும்பவும் போங்கோ. எனக்குச் சொறிதான் பட்டது எண்டு டொக்டரிட்டை நீங்களே முந்திச் சொல்லாதையுங்கோ. அவையள் பாத்துச் சொல்லட்டும்."

மூச்சு வாங்கியது. நிருஜா தண்ணீர் பருக்கினாள். பின்வரிசையில் பிள்ளையை மடியில் வைத்திருந்த வினோஜனின் பெண்சாதி எழும்பி நின்றாள்.

"அக்கா, நீங்கள் எவ்வளவு காலம் பாத்துக்கொண்டு இருந்தனீங்கள், போகாமல்?"

இந்தக் கேள்வி வரும் என்று யோகம்மாவுக்குத் தெரியும். பாயில் கிடந்து அதற்கு மறுமொழி சொல்லிப் பழகியும் வைத்திருந்தாள். ஆனால் முப்பத்தொரு சோடிக் கண்கள் பார்த்துக்கொண்டிருக்க, வாய் வேறொன்றைச் சொன்னது.

"ஒரு மாசம்" என்றாள்.

பெண்களுக்குள் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. ஒரு மாதம்தானா, அப்படியென்றால் போயிருந்தாலும் என்ன செய்திருக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். யாரோ பெருமூச்சு விட்டார்கள். அது எல்லோரும் செய்யக்கூடியதுதான், விதி என்று இன்னொருத்தி சொன்னாள். யோகம்மா தலையைக் குனிந்துகொண்டு, திறந்து கிடந்த சட்டையை இழுத்து மூடினாள்.

கிடுகு வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கோணாமலையின் குரல் கேட்டது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னான்.

"ஒரு மாசம் இல்லைப் பிள்ளையள். பங்குனியிலை துடங்கினது, ஆடியிலைதான் பெரியாஸ்பத்திரிக்குப் போனனாங்கள். நாலு மாசம். நானும் பாத்துக்கொண்டுதான் இருந்தனான்."